எழுத்துப் பக்கம் கீழே

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று உடைந்தது. சிலிண்டர் பதிய வேண்டும். சோப்பு உறை டிசைன் பாக்கி. கணினித் திரையைத் திறந்தாலே கண் எரிகிறது. ஐந்து வருடமாகத் திரையில்தான் தாள் செய்கிறேன். நிழல் போட்டு, சொரசொரப்புப் போட்டு, கிழிந்த ஓரம் போட்டு. தொட்டால் எல்லாம் கண்ணாடி. அதனால்தான் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் கையால் காகிதம் செய்யும் பட்டறைக்குத் திங்களும் வியாழனும் போகிறேன். ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்காரர் செலின் அக்கா கீழே பீரோவைக் காலி செய்தார். பின்சுவரில் மழைத் தண்ணீர் இறங்குகிறது. அவர் தையல்காரர். வெள்ளைப் பருத்தி வெட்டுத்துணியை எனக்கென்று மூட்டை கட்டி வைப்பார், காகிதக் கூழுக்கு. இன்று மூட்டையோடு ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய காகிதமும்.

"கோத, இதையும் எடுத்துக்கோ. கொப்பியெல்லாம் மட்டும் தனியா எடுத்து வச்சிடும்மா. என் கண்ணாடி வேற உடைஞ்சு கெடக்கு. நீ படிக்கற பொண்ணு, பாத்து எடு. மத்தத கூழ் காச்சிக்கோ."

"சரிக்கா."

"காச்சி எனக்கும் ஒரு டம்ளர் குடு."

மதியம் பிரித்தேன். மருந்துச் சீட்டுகள். பிரவுன் தாளில் வெட்டிய சட்டை அளவுகள். கோயில் அறிவிப்புகள். அக்காவின் அப்பாவுடைய பென்ஷன் கடிதங்கள் (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இறந்து நான்கு வருடம்). பிரெஞ்சில் எழுதிய தாள்கள் ஏராளம், பாதிக்கு மேல் ஏதாவது ஒரு முத்திரை. மகள் நேத்தலி மூன்றாம் வகுப்பில் எழுதிய காப்பி நோட்டுகள் ஏழு. அவற்றைத் தனியே எடுத்து, துப்பட்டாவில் சுற்றி, அலமாரி மேல்தட்டில் வைத்தேன்.

மீதியைக் கிழித்தேன். கத்தரிக்கோல் கூடாது, கையால் கிழித்தால்தான் நார் நீளமாக நிற்கும். கிழிக்கக் கிழிக்க விரலுக்கு வித்தியாசம் தெரிகிறது. பென்ஷன் கடிதம் சருகு மாதிரி. சட்டை அளவு அப்பளம்.

ஒரு தாள் மட்டும் துணி போலக் கிழிந்தது. மங்கிய மஞ்சள், கனம். சுத்தமான பருத்தி. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீர்க்கோடுகள். இவ்வளவு நல்ல தாளை நான் இதுவரை தொட்டதில்லை. அதிலிருந்து ஒரு மூலையை மட்டும், மூன்று விரல் அகலம், தொடு நோட்டில் ஒட்டினேன். (கண்ணை மூடித் தடவிப் பார்ப்பதற்காக நான் வைத்திருக்கும் மாதிரி நோட்டு. எல்லாம் மைதாப் பசை.) எழுத்துப் பக்கம் கீழே. விரலுக்கு எழுத்து வேண்டாம்.

நல்ல நாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டிருந்தது. டெம்போவில் கிழிசல் மூட்டையோடு ஏறினேன். பக்கத்து ஆயா அரிசியா என்று கேட்டார்.

பட்டறை நடத்தும் ஏழுமலை அண்ணன் நேற்றைய கிழிசல்களையும் துணியையும் சேர்த்து அடித்தார். கூழ் அடிக்கும் இயந்திரத்துக்குப் பீட்டர் என்று பெயர். நான் ஏதோ "கன்சிஸ்டன்சி, டெக்ஸ்ச்சர்" என்று பேசப்போக, தொட்டியில் வேலை செய்யும் குமுதா திரும்பாமலே சொன்னாள்:

"மேடம், இங்க பீட்டர் வுடாதீங்க. பீட்டர் அங்க ஓடுது."

குமுதா என்னைவிட ஒரு வயது சின்னவள். ஒரு நாளில் நூற்றைம்பது தாள் எடுப்பாள். சட்டத்தைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கி, உள்ளேயே படுக்கவைத்து, தூக்கும்போது ஒரே ஒரு குலுக்கல். என் குலுக்கல் இன்னும் வரவில்லை.

"கொழந்தய ஆட்டற மாதிரி ஆட்டாத. சாமி வந்த மாதிரியும் ஆட்டாத. நடுவுல ஒண்ணு இருக்கு பாரு, அது."

முப்பத்திரண்டு தாள். காடாத்துணியில் கவிழ்த்து, அழுத்தி, மேல்தளத்தில் கொடியில் மாட்டியாயிற்று. ஈரத்தாளின் மேல் உள்ளங்கையை வைத்தேன். உயிருள்ள எதன் முதுகோ போல இருந்தது.

நவம்பர் 8, சனி

மழை, மழை. தாள் காயவே காயாது என்று குமுதா போன் செய்தாள்.

மதியம் செலின் அக்கா சங்கரா மீன் குழம்போடு மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பதினெட்டாந்தேதி வரச் சொல்லி மெயில் வந்திடுச்சு. ஏழு வருஷம், கோத."

பிரெஞ்சுத் தூதரகத்துக்கு, குடியுரிமை விஷயமாக. அண்ணன்கள் இருவரும் எப்போதோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அக்கா மட்டும் நின்றுவிட்டார்.

"எனக்குன்னு இருக்கறது அந்த கொப்பி ஒண்ணுதான். பத்திரமா வச்சிருக்கல்ல?"

"இருக்குக்கா. துப்பட்டால சுத்தி வச்சிருக்கேன்."

"துப்பட்டாலயா?" மகிழ்ச்சியாகச் சிரித்தார். "உங்கிட்டயே இருக்கட்டும். எங்க வீட்டு சுவரு ஒழுவுது. முந்தின நாள் குடுத்தா போதும்."

மூன்றாம் வகுப்பு நோட்டை அங்கே எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்குள் அவர் படியில் இறங்கிக்கொண்டே பேசினார்.

"அப்பா பொறந்ததுக்கு மேரில கையால எழுதி, முத்திர குத்தி குடுத்த கொப்பி. அவரு அத மாசம் ஒருக்கா வெயில்ல காட்டுவாரு. அம்மாவுது, கல்யாணத்துது எல்லாம் திரும்ப வாங்கிக்கலாம். அப்பாவுதுக்கு மட்டும் நம்பர் கேக்கறாங்க. நம்பரே அதுலதான் இருக்கு. சூசைன்னு பேரச் சொல்லி தேடச் சொன்னா பாதி ஊரு வரும்."

மேரி: பழைய நகராட்சி. கொப்பி: பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரும் நகல். எங்கள் பாகூர்ப் பக்கம் அந்தச் சொல் இல்லை. என் காதில் விழுந்தது காப்பி நோட்டு.

துணி போலக் கிழிந்த தாள்.

மீன் குழம்பு மூடியபடியே இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

திரும்பத் திரும்ப இதே கணக்கு. அக்கா கேட்டபோது "இருக்கு" என்றேன். அப்போது அது பொய் இல்லை. படியில் அவர் சொல்லி முடித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நொடியிலிருந்து அது பொய்.

அந்தத் தாளில் எழுத்து இருந்தது. சாய்ந்த கையெழுத்து, பழுப்பு மை. பார்த்தேன். வாசிக்கவில்லை. தாளைத்தான் பார்த்தேன். வீட்டில் மூன்று அலமாரி புத்தகம் வைத்திருக்கிறேன்.

கீழே தையல் மெஷின் ஓடினால் எனக்கு மூச்சு சீராக வருகிறது. நின்றால் நெஞ்சு நிற்கிறது. நின்றால் அக்கா எழுந்துவிட்டார் என்று பொருள். எழுந்தால் பதினாறு படி. இன்று மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை செருப்புச் சத்தம் படிவரை வந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவுக்குத் தாழ் போட்டு, தூங்குகிறவள் மாதிரி படுத்துக்கொண்டேன். நேத்தலியைக் கூப்பிட வந்தாராம். கொடியில் துணி எடுக்க.

வயது இருபத்தேழு.

படித்துக்கொண்டிருக்கும் நாவலில் ஒருவன் ஒரு பொய்யைச் சுமந்து நூறு பக்கம் நடக்கிறான். மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

முதல் டெம்போ. மேட்டுப்பாளையத்தில் கடைகூடத் திறக்கவில்லை. ஏழுமலை அண்ணன் வந்ததும் கேட்டேன், ஏதாவது அடியில் தங்கியிருக்குமா, வடிகட்டியில், மூலையில்.

"பீட்டர்ல போனது போனதுதாம்மா. நாலு மணி நேரம் ஓட்டியிருக்கேன். இன்னா, மோதிரமா?"

"பேப்பர்."

"பேப்பர்ல பேப்பர தேடறியா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே வடிகட்டியைக் கழற்றிக் கையை விட்டுத் துழாவினார். ஒரு பொத்தான். ஒரு ஸ்டேப்ளர் பின்.

மேல்தளத்தில் முப்பத்திரண்டு தாளையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இன்னும் ஈரம். ஏழாவதில் ஒரு நீலப் புள்ளி: அது நூல். பத்தொன்பதாவதில் ஊதாவாக, நகத்தின் பிறை அளவு. முத்திரையின் வளைவா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. அந்தத் தாள்தான் முப்பத்திரண்டில் மிக அழகு. அதை மட்டும் மறுபக்கம் திருப்பி மாட்டினேன்.

குமுதாவிடம் மட்டும் சொன்னேன். கையைத் தொட்டியிலிருந்து எடுக்காமல் கேட்டாள். பிறகு:

"நீதான் டிசைனராச்சே. தாளும் செய்ய தெரியும். உள்ளார கோடு கூட போடலாம்னு நீயே சொன்ன. ஒண்ணு செஞ்சு முத்திர குத்தி குடுத்துடு."

விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் என் மூளை அந்தக் கணமே வேலையைத் தொடங்கிவிட்டது. வலையின் மேல் கம்பி வளைத்தால் நீர்க்கோடு. டீத்தண்ணீரில் நனைத்தால் மஞ்சள். சாய்ந்த எழுத்துக்கு எந்த நிப்பு என்பதுவரை போயிற்று. டெம்போவில் வரும்போதும் நிற்கவில்லை. தாள் தொலைந்த பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருக்கிறது. என் கையால் அதைச் செய்ய முடியும் என்பது.

நவம்பர் 12, புதன்

எதுவும் தெரியாதவள் போலக் கேட்டேன். பொத்தான் கொடுக்கப் போன சாக்கில்.

"அக்கா, அந்த கொப்பில நம்பர் எங்க இருக்கும்?"

"ஏன், அழிஞ்சிருக்கா?"

"இல்ல இல்ல. சும்மா."

"இடது பக்கம் மேல, ஓரத்துல. நம்பரும் அதுக்கு கீழ பேரும். அந்தக் காலத்துல அங்கதான் போடுவாங்க."

மேலே வந்து தொடு நோட்டை எடுத்தேன். மூன்று விரல் அகலம். இரண்டு பக்கம் நேர் ஓரம், ஒரு பக்கம் கிழிசல். ஒரு தாளுக்கு நான்கு மூலை. எதைக் கிழித்தேன்? வலக்கையால் கிழிக்கிறவள், தாளை இடக்கையில் பிடிப்பவள். ஆகவே வலது மூலைதான் முதலில். ஆனால் திருப்பிப் பிடித்திருந்தால்? வெறும் தாளை எடுத்து இருபது தடவை கிழித்துப் பார்த்தேன். பதினொரு முறை வலது, ஒன்பது முறை இடது. கை எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே வழி, நனைத்து உரிப்பது.

அம்மா போன். மழையில் நெல் சாய்ந்துவிட்டதாம். "நீ ஏன் ஒரு மாதிரி பேசற?" சளி என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

பட்டறைக்குப் போகவில்லை.

முதலில் வேறொரு மாதிரியில் சோதனை. பென்ஷன் கடிதத்துத் துண்டு, அதுவும் எழுத்துப் பக்கம் கீழே ஒட்டியது. ஈரப் பஞ்சு, பத்து நிமிடம், தட்டைக் கத்தி. பசை நன்றாக இளகியது. திருப்பினேன். முத்திரை இருந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு குளம். எழுத்து ஒன்றும் இல்லை.

மூலைத் துண்டில் என்ன மை என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் பட்டு ஓடாத மையாக இருக்கலாம். ஓடுகிற மையாக இருக்கலாம். பார்ப்பதற்காகத் தொட்டால் பார்க்க ஒன்றும் இல்லாமல் போகலாம். அதை அழித்தவள் நான் என்பது இரண்டாவது முறையும் உறுதியாகும்.

நோட்டை மூடி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ஏன் அங்கே என்று தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

அக்கா தனக்கு ரவிக்கை தைத்துக்கொள்கிறார். கரும்பச்சை. பதினெட்டாம் தேதிக்கு. கூப்பிட்டுக் காட்டினார்.

"எல்லாருக்கும் தச்சுட்டு எனக்கு இத்தினி வருஷம் பழசுதான். கை எப்படி, சரியா வுட்டிருக்கேனா?"

சரியாக இருக்கிறது என்றேன்.

நேத்தலி பக்கத்திலிருந்து: "அங்க போயி ரவிக்க அளவா கேக்கப்போறான்?"

"கேப்பான்டி. உன்ன மாதிரியா."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு முகத்தில் ஒட்டியது, மேலே வரும்வரை எடுக்க முடியவில்லை.

செய்யக்கூடியவை: 1. ஊருக்குப் போய்விடுவது. 2. மழையில் நனைந்துவிட்டது என்பது. 3. துப்பட்டாவை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது. 4.

நான்கில் எழுத வேண்டியது எனக்குத் தெரியும். பேனா போகவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

அக்காவும் நேத்தலியும் பூசைக்குப் போனார்கள். வீடு முழுக்க மழைச் சத்தம் மட்டும். இந்த ஞாயிறு மெஷின் ஓடவில்லை. எப்போது எழுந்து வருவார் என்று தெரிந்துகொள்ள வழியில்லாத நாள். திரும்பி வந்ததும் கீழிருந்தே கத்தினார்: "கோத, நாளைக்கு அத எடுத்து வை." சரிக்கா என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை விடுமுறை. நேத்தலி வீட்டில்.

காலை பதினொரு மணிக்கு இறங்கினேன். கையில் தொடு நோட்டு, துப்பட்டாவில் சுற்றிய ஏழு நோட்டுகள். பதினாறு படியில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "கொப்பிய கிழிச்சிட்டேங்க்கா. கூழாயிடுச்சு." அவ்வளவுதான்.

அவர் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. தையல் ஓரம் முடியும்வரை ஓட்டினார். நூலைப் பல்லால் கடித்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"எப்ப?"

"பெட்டி குடுத்தீங்களே, அன்னிக்கே."

"எப்ப தெரியும் உனக்கு?"

"மீன் குழம்பு குடுத்த அன்னிக்கு."

விரலில் எண்ணினார். "ஒம்போது நாளு. ஒம்போது நாளு மேல உக்காந்துகிட்டு எனக்கு ரவிக்க கை சரியா இருக்குன்ன."

துப்பட்டா மூட்டையை மெஷின் பலகையில் வைத்தேன்.

"கொப்பின்னா இன்னான்னு நெனச்ச?"

துப்பட்டாவை அவிழ்த்துக் காட்டினேன். நேத்தலி எட்டிப் பார்த்தாள். "அய்யோ, என் காப்பி நோட்டும்மா. எவ்ளோ பத்திரமா வச்சிருக்காங்க பாரேன்." சிரிக்கத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அக்கா எழுந்து உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம். நெடுநேரம். போய்விடலாமா என்று நேத்தலியைப் பார்த்தேன். இரு என்று கையைக் காட்டினாள். முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

அப்போதுதான் மூலைத் துண்டைப் பற்றிச் சொன்னேன். நான்கில் ஒரு வாய்ப்பு. தண்ணீர் பட்டால் மை ஓடலாம். அதனால் தனியாகத் தொடவில்லை.

நோட்டை வாங்கி, துண்டின் மேல் விரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு. நான் செய்வது போலவே.

"இதுதான். இது அவரு பேப்பர்தான்." பிறகு, "தண்ணி எதுக்கு ஊத்தற? ஆவி போதும். பச வச்ச காலர் கேன்வாஸ நாங்க எப்படி உரிக்கிறோம்?"

இஸ்திரிப் பெட்டி சூடேறியது. ஈரமான மெல்லிய துணி ஒன்றை விரித்து, அதற்கு ஒரு விரல் உயரத்தில் பெட்டியைப் பிடித்தார். தொடவே இல்லை. ஆவி மட்டும் இறங்கியது. என்னைக் கத்தியைப் பிடிக்கச் சொன்னார். என் கையால் வேண்டாம் என்றேன்.

"கிழிச்சது அந்தக் கைதான. அதுவே எடுக்கட்டும்."

கிழிசல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பசை ஒரு நூல், ஒரு நூலாக விட்டது. முழுதாக வந்ததும் யாரும் திருப்பவில்லை. கடைசியில் நேத்தலிதான் திருப்பினாள்.

பழுப்பு எழுத்து. ஓடவில்லை.

மேலே மூன்று இலக்கம். கீழே கிழிந்த பாதிப் பெயர்.

"ஏழு, நாலு, ஏழு" என்று படித்தேன்.

அக்கா தன் உடைந்த கண்ணாடியின் ஒற்றை வில்லையைக் கண்ணருகே பிடித்தார். "மொதல்ல இருக்கறது ஏழு இல்ல. ஏழுன்னா குறுக்க ஒரு கோடு போட்டிருக்கும். கடைசில பாரு, போட்டிருக்கு. இது ஒண்ணு. எங்க அப்பாவும் ஒண்ண இப்படித்தான் மூக்கு வச்சு எழுதுவாரு." வாய்க்குள் மெதுவாகச் சொன்னார்: "சாங் கராந்த் செத்." நூற்று நாற்பத்தேழு.

"வருஷம் இல்லியேம்மா" என்றாள் நேத்தலி.

"வருஷம் எனக்கு தெரியாதா? கல்லறைல நாந்தான எழுத வச்சேன்."

நம்பர் போதுமா, அதை வைத்து வேறு கொப்பி வாங்க நேரம் தருவார்களா, நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களா, ஒன்றும் தெரியாது என்றார். இந்தத் தேதி போனால் அடுத்தது எப்போது என்பதும் தெரியாது. துண்டை வெண்ணெய்த்தாளில் மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். என் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"காலைல ஏழரைக்கு வாசல்ல நில்லு. நீயும் வர. கேட்டாங்கன்னா நீயே சொல்லணும். கூழுக்கு பிரெஞ்சுல இன்னான்னு எனக்குத் தெரியாது."

மேலே வந்து அகராதி பார்த்தேன். பாத் அ பப்பியே. பத்து முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பத்தொன்பதாவது தாளையும் எடுத்துப் போக வேண்டுமா? குமுதாவிடம் கேட்க வேண்டும், காய்ந்துவிட்டதா என்று. குடைக்கம்பி இன்னும் சரிசெய்யவில்லை.

மணி ஐந்து. கீழே மெஷின் நின்றுவிட்டது. படியில் செருப்புச் சத்தம்.

எழுந்து கதவைத் திறந்து வைத்தேன்.